மின்னுவதெல்லாம் நோயல்ல

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, நீ கேமரா, சென்சார்னு வேலை பார்க்கிறவன். அதுல ஏதாவது ஒரு விஷயத்தை எல்லாருக்கும் புரியற மாதிரி பேசு" என்றார். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்கு நோயைக் காட்டிக் கொடுக்கும் கேமரா பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. அதிலும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற ஒரு நோய்க்கு அந்தக் கேமரா இன்னும் சரியாகக் கைகொடுக்கவில்லை. ஏன் கைகொடுக்கவில்லை என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு. இது பெண்களுக்கு வரும் நோய். மேடையில் ஆண் ஒருவன் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். வீட்டில் ஆம்பிளைங்க காதில் விழாமலே இருந்ததால்தான் இந்த நோய் இத்தனை காலம் மறைந்து கிடந்தது என்பது என் எண்ணம். அதனால் பேசுகிறேன். நான் டாக்டர் இல்லை. வைத்திய ஆலோசனை எதுவும் சொல்லப் போவதில்லை. ஒரு இன்ஜினியரின் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

நோய் என்ன?

கருப்பையின் உள்பக்கம் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. ஹார்மோன் சொல்கிறபடி மாதாமாதம் அது தடித்து, கரு தங்கவில்லை என்றால் ரத்தத்தோடு கழிந்துபோகிறது. அதுதான் மாதவிலக்கு. அந்தச் சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையின் மேல், குடலின் மேல், மூத்திரப்பையின் மேல், வயிற்றின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு வளர்ந்தால் அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். இது புற்றுநோய் இல்லை. ஆனால் அந்தத் திசுவும் மாத ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டது. அங்கேயும் ரத்தம் கசியும். வெளியேற வழி கிடையாது. சுற்றிலும் அழற்சி ஏற்பட்டு, தழும்பாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மாதவிலக்கு ரத்தம் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போய்விடுவதால் இது வருகிறது என்று அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927-ல் எழுதினார். அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதுதான். ஆனால் சிலருக்கு மட்டுமே நோய் வருகிறது. ஆகவே நோய் எதிர்ப்புச் சக்தி, பரம்பரை, ஹார்மோன் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்று இன்று கருதுகிறார்கள்.

பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு, உலக அளவில் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊருக்கு ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர். அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேர். இரண்டும் சேர்த்து 13 லட்சத்துக்கு மேல். பாதி பெண்கள். அதில் ஏறக்குறையப் பாதி பிள்ளை பெறும் வயது. அதில் பத்தில் ஒன்று என்றால் 30 ஆயிரத்தைத் தாண்டுகிறது. இது சர்வே இல்லை, விரல் விட்டுப் போட்ட கணக்கு. ஆனாலும் நம் இரண்டு மாவட்டத்தில் இந்த நோயின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அதில் எத்தனை பேர் இருப்பார்கள்?

பெயர் தெரியாவிட்டாலும் வலி எல்லாருக்கும் தெரியும். மாதத்தில் மூன்று நாள் எழுந்திருக்க முடியாத வலி, தாம்பத்தியத்தில் வலி, மலம் கழிக்கும்போது வலி, குழந்தை தங்காமை. நம் வீடுகளில் என்ன சொல்லுவோம்? "சூட்டு வலி, வெந்தயம் போட்டுக் குடி." "கல்யாணம் ஆனா சரியாயிடும்." கல்யாணம் ஆன பிறகு, "ஒரு பிள்ளை பெத்துட்டா சரியாப் போயிடும்." வலி தொடங்கி நோயின் பெயர் தெரிவதற்குள் பல நாடுகளில் ஏழு, எட்டு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. வசதியான நாடுகளிலேயே அப்படி.

கண்ணுக்குத் தப்புவது ஏன்?

மாத்திரையில் அடங்காத வலிக்கும், சினைப்பைக் கட்டிக்கும், சிலருக்குக் குழந்தைப்பேற்றுக்காகவும் ஆபரேஷன் செய்கிறார்கள். பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பிதான். தொப்புள் பக்கத்தில் சிறு துளை போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை ஊத வைத்து, ஒரு டெலஸ்கோப்பை உள்ளே விடுகிறார்கள். டாக்டர் பார்ப்பது டி.வி. திரையைத்தான். அதாவது, டாக்டரின் கண் இங்கே ஒரு கேமரா.

அந்தக் கண்ணுக்கு எதைத் தேடுவது என்பதே சிக்கல். பாடப்புத்தகத்தில் இருந்தது வெடிமருந்து பட்டுக் கருகியதுபோலக் கருநீலப் புள்ளி. 1986-ல் சிட்னியைச் சேர்ந்த ராபர்ட் ஜான்சென், பீட்டர் ரஸ்ஸல் என்ற இரு மருத்துவர்கள், நிறமே இல்லாத எண்டோமெட்ரியோசிஸ் பற்றி எழுதினார்கள். வெள்ளைத் தழும்பு, சிவந்த திட்டு, கண்ணாடி போன்ற சிறு கொப்புளம் என்று சாதாரணமாகத் தோன்றிய இடங்களை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது அங்கேயும் நோய் இருந்தது. கறுப்பை மட்டும் தேடிய கண்ணுக்கு அதுவரை அவை தப்பியிருக்கின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நோய் என்று டாக்டர் நினைத்து எடுத்த திசு எல்லாவற்றிலும் மைக்ரோஸ்கோப் அதை உறுதி செய்வதில்லை. பழைய தழும்பாகவோ வேறு அழற்சியாகவோ இருக்கும். ஆக, தப்பு இரண்டு விதமாக வரலாம். நோயை விட்டுவிடலாம்; நல்ல திசுவை எடுத்துவிடலாம். விட்டால் வலி திரும்பும். அதிகம் எடுத்தால் பக்கத்தில் இருப்பது சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய், குடல், முட்டைகள் இருக்கும் சினைப்பை. எதையும் 'கொஞ்சம் சேர்த்தே எடுத்துடலாம்' என்று எடுக்க முடியாது.

நம் கல்லூரியிலேயே எனக்கு இரண்டு வருடம் ஜூனியரான ஒரு சகோதரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன்; பெயர், ஊர் வேண்டாம். படிக்கிற காலத்தில் மாதாமாதம் மூன்று நாள் அவர் வகுப்புக்கு வரமாட்டார். 'மட்டம் போடுற பொண்ணு' என்று பெயர். இரண்டு செமஸ்டர் அட்டெண்டன்ஸ் குறைந்து, அபராதம் கட்டித்தான் பரீட்சை எழுதினார். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஒரு மருத்துவமனையில் நோயைக் கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தார்கள். தெரிந்த கறுப்புப் புள்ளிகளையெல்லாம் எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒன்றரை வருடத்தில் வலி திரும்பியது. வேலையை விட்டார். இரண்டாவது ஆபரேஷனில் கருப்பைக்குப் பின்னால் வெள்ளையாக இறுகிப்போன ஒரு இடத்தை வெட்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். நோய் அங்கே இருந்தது. அது முதல் தடவை கண்ணுக்குத் தப்பியதா, பிறகு புதிதாக வந்ததா? யாராலும் சொல்ல முடியாது. முதலில் எரித்ததில் திசு எதுவும் மிச்சமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

இது அவர் ஒருவருக்கு நடந்த கதை இல்லை. 2009-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் இரண்டு வருடத்தில் 100-க்குச் சுமார் 21 பேருக்கும், ஐந்து வருடத்தில் 40 முதல் 50 பேருக்கும் நோய் திரும்புகிறது. எல்லாமே கண்ணுக்குத் தப்பியதால் வந்தவை அல்ல. புதிதாக முளைப்பதும் உண்டு. ஆனால் தப்பியவற்றையாவது குறைக்க முடியுமா என்று கேட்பது இன்ஜினியரின் வேலை.

நம் ஊர்க் கல்லும் ஒரு சொட்டு ஆசிடும்

இதை நம் ஊர்க் காரியம் ஒன்றை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். அரியலூர் என்றால் சிமெண்ட். சிமெண்ட் என்றால் சுண்ணாம்புக் கல். ஒரு காலத்தில் கடலாக இருந்த மண் இது. அந்தக் கடலில் வாழ்ந்த நத்தை, சிப்பி, அம்மோனைட் எல்லாம் கல்லாகிக் கிடப்பதைப் பள்ளிப் பிள்ளைகளே பொறுக்கி வந்திருக்கிறோம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துப் பக்கம் போனால் களிமண்ணில் வெளுப்பாக, பளபளவென்று ஜிப்சம் கிடைக்கும். சுண்ணாம்புக் கல்லும் ஜிப்சமும் தூளாகிவிட்டால் பழகாத கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஜியாலஜிஸ்ட் என்ன செய்கிறார்? பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு சொட்டு விடுகிறார். சுண்ணாம்புக் கல் என்றால் நுரைத்துப் பொங்கும். ஜிப்சம் சும்மா இருக்கும். கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டை ஒரு ரசாயனம் கண்ணுக்குத் தெரியவைக்கிறது.

ஆனால் ஒன்று பாருங்கள். வயல்காட்டில் கிடக்கும் சுக்கான் கல்லில் விட்டாலும் அந்த ஆசிட் பொங்கும். சிப்பியில் விட்டாலும் பொங்கும். பொங்குவதையெல்லாம் சிமெண்டுக்கு ஏற்ற கல் என்று லாரியில் ஏற்ற முடியாது. ஆசிட் கண்டுபிடித்தது கார்பனேட் என்ற பொருளை. நமக்கு வேண்டியது தரமான சுண்ணாம்புக் கல் படுகை. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு நல்லது அந்தச் சோதனை.

ஆபரேஷன் தியேட்டரிலும் தேவைப்படுவது அந்த ஒரு சொட்டுதான். நோய்த் திசுவில் நிறைய இருந்து, பக்கத்து நல்ல திசுவில் குறைவாக இருக்கும் ஒரு பொருள் வேண்டும். அதைத்தான் திசு பயோமார்க்கர் என்கிறார்கள்; நாம் அடையாளப் பொருள் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சாயம் வேண்டும். அந்தச் சாயம் ஒளிர்வதைப் பார்க்கும் கேமரா வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும்.

கேமரா தயார்

கேமராவை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது என் பேட்டை என்பதோடு, மூன்றில் அதுதான் ஏற்கனவே தயாராக இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். டி.வி. ரிமோட்டை உங்கள் மொபைலின் செல்ஃபி கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பெரும்பாலான போன்களில் திரையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ ஒரு வெளிச்சம் மினுக்கும். நம் கண் பார்ப்பது ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ரிமோட்டின் ஒளி சுமார் 940. சிலிக்கான் சென்சாருக்கு அதுவும் கொஞ்சம் தெரியும். வாசலில் ஒரு ஃபில்டரைப் போட்டு அதைத் தடுத்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்த அகச்சிவப்பு ஒளியில் ஒரு வசதி. 700-க்குக் கீழே ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஒளியை விழுங்கும். 900-க்கு மேலே போகப் போகத் தண்ணீர் விழுங்கும். நடுவில் 700 முதல் 900 வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அந்த ஜன்னலில் ஒளிரும் சாயம் திசுவுக்கு உள்ளே சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தாலும் தெரியும்.

அப்படிப்பட்ட சாயங்களில் பழையது ஐ.சி.ஜி. எனப்படும் இண்டோசயனின் கிரீன். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 1959-லேயே அனுமதி கொடுத்த சாயம். 800 நானோமீட்டர் பக்கத்து ஒளியை வாங்கிக்கொண்டு, அதைவிடச் சற்று நீண்ட அலையில் திருப்பிக் கொடுக்கும். இதில் நாம் பெருமைப்பட ஒரு விஷயம் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனைக் குடும்பத்தைச் சேர்ந்த மதுரை ஆரோலேப் நிறுவனம், 1992-ல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியது. அந்த நிறுவனமே இந்தச் சாயத்தையும் 'ஆரோகிரீன்' என்ற பெயரில் தயாரிக்கிறது. கண்ணின் ரத்தக் குழாய்களைப் பார்ப்பதற்கான சாயம் இன்று வயிற்று ஆபரேஷன்களுக்கும் பயன்படுகிறது.

ஐ.சி.ஜி.யை எண்டோமெட்ரியோசிஸுக்கும் முயன்று பார்த்தார்கள். இத்தாலியில் 'கிரீ-எண்டோ' என்ற சிறிய ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கும் நோய்த் திட்டுகள் சில ஒளிர்ந்தன. வெள்ளை வெளிச்சத்தில் தெரியாதவை சிலவும் தெரிந்தன. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. காரணத்தை யோசித்தால் புரியும். ஐ.சி.ஜி. எதையும் தேடிப் போகும் சாயம் இல்லை. ரத்தத்தோடு ஓடுகிற சாயம். ரத்தம் எங்கே அதிகமோ அங்கே ஒளிரும். குடலின் ஒரு பகுதியை வெட்டி இணைத்த பிறகு இணைப்புக்கு ரத்தம் வருகிறதா என்று பார்க்க அது அருமையான சாயம். ஆனால் நம் சகோதரிக்கு இருந்ததுபோல வெள்ளையாக இறுகிப்போன தழும்பில் ரத்த ஓட்டமே குறைவு. அங்கே அது இருட்டாகத்தான் இருக்கும்.

இன்ஜினியரிங் மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கெயினை ஏற்றிக்கொண்டே போனால் எதுவும் ஒளிரும். டெலஸ்கோப்பைத் திசுவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மங்கலானதும் பிரகாசமாகத் தெரியும். அதனால் 'ஒளிர்ந்தது' என்று சொன்னால் போதாது. நோய்த் திசுவின் ஒளி சுற்றியுள்ள திசுவின் ஒளியைப் போல எத்தனை மடங்கு என்று சொல்ல வேண்டும். நாம் பரீட்சைக்குப் படித்த சிக்னல்-நாய்ஸ் விகிதம்தான். அந்த விகிதத்தில் கேமராவின் பங்கு ஒரு அளவோடு நின்றுவிடுகிறது. திசுவிலேயே வேறுபாடு இல்லை என்றால் எத்தனை லட்ச ரூபாய் கேமராவும் அதை உண்டாக்கிக் காட்ட முடியாது.

அடையாளம் கிடைக்கவில்லை

புற்றுநோய் ஆபரேஷனில் இந்த வழி ஓரளவு கைகூடிவிட்டது. சினைப்பைப் புற்றுநோய்ச் செல்கள் பலவற்றின் மேல், ஃபோலேட் என்ற வைட்டமினைப் பிடிக்கும் கொக்கி போன்ற ஒரு புரதம் மிக அதிகமாக இருக்கும். ஃபோலேட்டோடு சாயத்தைக் கட்டி உள்ளே அனுப்பினால் அந்தக் கொக்கியில் போய் மாட்டிக்கொள்ளும். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் மனிதர்களிடம் முதன்முதலாக இதைச் செய்து பார்த்த முடிவு 2011-ல் வெளியானது. அதே வழியில் வந்த, அகச்சிவப்பில் ஒளிரும் 'சைட்டாலக்ஸ்' என்ற சாயத்துக்கு 2021 நவம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அங்கேயும் ஒளிர்ந்த எல்லாமே புற்றுநோயாக இருக்கவில்லை. அழற்சி உள்ள இடத்தில் கூடும் சில ரத்த வெள்ளைச் செல்களிலும் அதைப் போன்ற கொக்கி உண்டு.

அதையே எண்டோமெட்ரியோசிஸுக்குத் தூக்கி வைத்துவிடலாமே என்றால், நான்கு முட்டுக்கட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, அடையாளப் பொருள் செல்லின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். எண்டோமெட்ரியோசிஸில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் பீட்டா என்ற வகை மிகுந்திருப்பது தெரிந்த விஷயம். ஆனால் அது இருப்பது செல்லின் உட்கருவில். சாயம் அங்கே நுழைந்து சேர்வது கஷ்டம்.

இரண்டாவது, பக்கத்து வீட்டில் அது இருக்கக் கூடாது. பயாப்சியில் இந்த நோயின் திசுவை உறுதி செய்ய நோய்க்குறியியல் மருத்துவர்கள் சி.டி.10 என்ற புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். அது செல்லின் மேல்பக்கமே இருக்கிறது. ஆனால் சிறுகுடலின் உள்சவ்விலும் சிறுநீரகத்திலும் கூட அது இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் வைத்த ஒரு துண்டுத் திசுவுக்கு அது சரி. முழு வயிற்றுக்கும் சரிப்படுமா என்பது வேறு கேள்வி. அழற்சியைக் கண்டு ஒளிரும் சாயம் என்றால் பழைய ஆபரேஷன் காயம்கூட நோய் மாதிரி ஒளிரும். நம் சுக்கான் கல் கதைதான்.

மூன்றாவது, நோய் ஒரே நிலையில் நிற்பதில்லை. மாதத்தின் முதல் வாரம் ஒரு மாதிரி, மூன்றாவது வாரம் வேறு மாதிரி. சிவந்த புதுத் திட்டில் இருப்பது பழைய வெள்ளைத் தழும்பில் இருக்காது. ஆபரேஷனுக்கு வருகிற பெண்கள் பலர் அதற்கு முன்பே ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள். மாத்திரையால் திசு சுருங்கும். அடையாளப் பொருளும் மாறும்.

நான்காவதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. புற்றுநோய் என்றால் சாயத்தின் பக்கவிளைவைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள். இங்கே வருபவர் நாளைக்குப் பிள்ளை பெற நினைக்கும் 28 வயதுப் பெண். சாயம் சினைப்பையைத் தொடக் கூடாது, முட்டையைத் தொடக் கூடாது. பாதுகாப்புக்கான அளவுகோல் இங்கே இன்னும் உயரம்.

முயற்சி இல்லாமல் இல்லை. உடம்பில் உள்ள ஒரு பொருளையே மருந்தாகக் கொடுத்து, நீல வெளிச்சத்தில் நோய்த் திசுவைச் சிவப்பாக ஒளிர வைக்கும் 5-ஏ.எல்.ஏ. முறையை ஜெர்மனியில் எண்டோமெட்ரியோசிஸுக்குச் செய்து பார்த்து 2000-ல் எழுதினார்கள். அதே மருந்துக்கு 2017-ல் அமெரிக்காவில் மூளைக் கட்டி ஆபரேஷனுக்காக அனுமதி கிடைத்தது. எண்டோமெட்ரியோசிஸில் அது வழக்கத்துக்கு வரவில்லை. அமெரிக்காவில் ஒரிகன் மாநில ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் ஒரு நேனோ துகளைப் பற்றி எழுதினார்கள். நோய்த் திசுவுக்குள் போன பிறகு ஒளிர்ந்து, பிறகு அகச்சிவப்பு ஒளி பட்டால் சூடாகி அந்தத் திசுவை அழிக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எலிகளில் செய்தது. எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதை நீளமானது. பத்திரிகையில் 'எண்டோமெட்ரியோசிஸுக்கு ஒளிரும் மருந்து' என்று தலைப்புப் பார்த்தால் அடுத்த வாரமே திருச்சியில் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 'பயோமார்க்கர் டெஸ்ட்' என்று ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கேட்டால் யோசியுங்கள். ரத்தத்திலோ கருப்பைச் சவ்விலோ பயோமார்க்கர் பார்த்து இந்த நோயைத் தீர்மானிக்க வேண்டாம் என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் தன் 2022 வழிகாட்டியில் தெளிவாகச் சொல்கிறது. நோயை உறுதி செய்ய எல்லாருக்கும் லேப்ராஸ்கோப்பி கட்டாயம் இல்லை என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. அறிகுறியை நன்றாகக் கேட்டு, அனுபவமுள்ளவர் ஸ்கேன் பார்த்து, வைத்தியத்தைத் தொடங்கலாம். ஆழமாகப் போன நோய்க்கு எப்படியும் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ முன்கூட்டியே வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே புதைந்திருப்பதை எந்த ஒளிரும் சாயமும் மேலே காட்டாது.

திசு எங்கே?

இன்ஜினியர்கள் கேமராவைக் கொடுத்துவிட்டோம். வேதியியல் படித்தவர்கள் சாயத்தையும் செய்துவிடுவார்கள். தடை நிற்பது அடையாளப் பொருளில். அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் நிறையத் திசு வேண்டும். இளம் பெண், நடுவயது, மாத்திரை சாப்பிட்டவர், சாப்பிடாதவர், சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று ஒவ்வொன்றிலும் பார்த்தால்தான் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது எது என்று தெரியும்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி.யும் கொல்கத்தாவின் இனப்பெருக்க மருத்துவ நிறுவனமும் கைகோத்து, இந்த நோயுள்ள பெண்களின் ரத்தத்தில் என்னென்ன ரசாயன மாற்றம் என்று 2012-ல் எழுதினார்கள். 2018-ல் தொடக்க நிலை நோயுள்ளவர்களின் ரத்தத்தோடு கருப்பைச் சவ்வுத் திசுவையும் சேர்த்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். மும்பையில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் இனப்பெருக்க, குழந்தை நல ஆராய்ச்சி நிறுவனம் பல மாநில மருத்துவமனைகளைச் சேர்த்து இந்தியப் பெண்களிடம் இந்த நோயை ஆராயும் பணியை எடுத்திருக்கிறது. இன்ஜினியரிங் கல்லூரியும் மருத்துவமனையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கரக்பூர் ஒரு எடுத்துக்காட்டு.

நமக்கும் அந்த மேசை இப்போது பக்கத்தில் வந்திருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. அதற்கு முன் நம் சனங்கள் பெரிய ஆபரேஷன் என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறியவர்கள். மருத்துவக் கல்லூரி என்றால் நோய்க்குறியியல் துறை இருக்கும். எடுத்த திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து வைப்பார்கள். அந்த மெழுகுக் கட்டி பத்து வருடம் கழித்தும் பேசும். எரித்துவிட்ட திசு பேசாது.

நாம் என்ன செய்யலாம்?

மூன்று விஷயங்களை மட்டும் இந்தச் சபை முன் வைக்கிறேன்.

ஒன்று, நம் வீட்டுப் பெண்கள் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்தால், கூடப் போகிறவர்கள் டாக்டரிடம் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "எடுத்த திசுவை பயாப்சிக்கு அனுப்பினீங்களா? ரிப்போர்ட் ஒரு காப்பி கிடைக்குமா?" அந்தக் காகிதத்தைப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். இரண்டாவது தடவை யாராவது வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அதுதான் வரைபடம்.

இரண்டு, நம் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களுக்கு. ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் பல்கலைக்கழகத்தினர் எண்டோமெட்ரியோசிஸ் லேப்ராஸ்கோப்பிப் படங்களை, நோய் இருக்கும் இடத்தைக் குறித்து, 'கிளெண்டா' என்ற பெயரில் ஆராய்ச்சிக்காக வெளியிட்டிருக்கிறார்கள். வழக்கமான டிராஃபிக் லைட் புராஜெக்டுக்குப் பதிலாக அதை எடுத்துப் பாருங்கள். படத்திலிருந்து கம்ப்யூட்டர் நோயைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அது தெரிவதே பெரிய படிப்பு. வழிகாட்ட நானும் என் நண்பர்களும் தயார்.

மூன்று, சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு மாதவிலக்குக்காக அட்டெண்டன்ஸில் 2 சதவீதம் கூடுதல் சலுகை கொடுத்தது. அதே மாதம் கேரள அரசு தன் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் அதை விரித்தது. அங்கே மாணவிகளுக்கு 75-க்குப் பதில் 73 சதவீதம் போதும். நம்மால் பல்கலைக்கழக விதியை மாற்ற முடியாது. ஆனால் மாதாமாதம் அதே மூன்று நாள் வராத பெண்ணை அபராதம் கட்டச் சொல்வதற்கு முன், "ஏம்மா, உடம்புக்கு என்ன?" என்று ஒரு மேடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க முடியும். வருடத்துக்கு ஒரு முறை ஒரு மகப்பேறு மருத்துவரை விடுதிக்கு அழைத்துப் பேச வைக்க முடியும். அதற்கு ஆகும் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பேட்ச் சார்பில் முதல் வருடச் செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.

சாயம் வரும்போது வரட்டும். அதற்கான அடையாளத்தை ஆராய்ச்சியாளர்கள் திசுவில் தேடுகிறார்கள். அந்தத் திசு லேபுக்குப் போய்ச் சேர வேண்டுமானால், அதற்கு ரொம்ப நாள் முன்பே ஒரு பெண் "வலிக்குது" என்று சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் யாராவது அதை நம்பியிருக்க வேண்டும். அந்த முதல் வேலைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.